சோழி சொன்ன சேதி

சோழி உருளுகிறது! பழந்துணி ஒன்றின்மீது பன்னிரண்டு சோழிகள். நிமிர்ந்து விழுந்தவை எத்தனை, கவிழ்ந்து விழுந்தவை எத்தனை என எண்ணுகிறார் குறி சொல்பவர். கண்ணை மூடுகிறார், சற்றுப் பொறுத்துத் திறக்கிறார். “பெண்ணுக்குப் படிப்பு யோகம் பத்தோடு சரி” என்கிறார். தீர்ந்தது வழக்கு! பத்தாண்டுக் காலம் பள்ளியிற் பயின்று, நல்ல மதிப்பெண்ணும் பெற்ற ஒரு பெண்ணின் எதிர்காலம், ஒரு கை உருட்டலில் முடிவு செய்யப்பட்டுவிட்டது.

நடந்த இடம் ஏதோ காட்டுக்குள் ஒளிந்து கிடக்கும் சிற்றூரன்று. திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, உந்துவண்டிகள் மணிக்குமணி உருவாகி வெளிவரும் தொழிற்சாலைகளின் மதிற்சுவருக்கு அருகில்! அளவு என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பார்க்கும் ஊர் இது. அதே ஊரில், மகளின் படிப்பை அளக்கச் சோழி!

அப்பெண் நம் மாணவி. தந்தை சுமையுந்து ஓட்டுநர். அரியலூரிலிருந்து சிமெண்டு ஏற்றி வந்து ஒரகடத்துக் கட்டடங்களுக்கு இறக்குபவர். உழைப்பாளி, மகள்பால் உயிரையே வைத்திருப்பவர். அவரைப் பழிக்க நாம் இதை எழுதவில்லை. அவர் வீட்டிலேயே இருந்த மற்றொரு பொருளைப் பற்றிச் சொல்லவே எழுதுகிறோம்.

மூன்றாண்டுகட்கு முன், சரக்கேற்றக் காத்திருந்த வேளையில், அரியலூர்ப் பக்கத்துச் சாலையோரத்திலே கிடந்த கல்லொன்றை மகள் விளையாடுவதற்கென எடுத்து வந்திருந்தார் அவர். கட்டைவிரல் நீளம். கூம்பு வடிவம். திருகாணிபோல் சுற்றிச் சுற்றி ஏறும் சுருள்கள். அந்தக் கல்லை அவள் ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுவந்தாள். “இது யார் செதுக்கியது?” என்று வினவினான் ஒரு மாணவன். “சிற்பி” என்றான் ஒருவன். “சாமி” என்றான் இன்னொருவன். “நத்தை” என்றாள் அவள்.

அவள் சொன்னதே சரி. செதுக்கியவன் சிற்பியும் அல்லன், சாமியும் அல்லன். கடல்நத்தை ஒன்று, தன் உடலிற் சுரந்த சுண்ணத்தால் தானே கட்டிக்கொண்ட வீடு அது. வீட்டுக்காரன் மாண்டான், வீட்டினுள் சேறு புகுந்தது, சேறு இறுகிக் கல்லாயிற்று. புதைபடிவம் என்கிறோம் அதை.

அரியலூரிலே கடலா என்று கேட்கத் தோன்றும். கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே இருக்கும் ஊராயிற்றே! ஆனால் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகட்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன்னர் கிரெட்டேசியக் காலம் முடியும் வரையிலும், அதற்குப் பின்னுங்கூட, கடல் அங்கே பலமுறை முன்னேறியது, பலமுறை பின்வாங்கியது. அரியலூர், பெரம்பலூர், விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளில் அது விட்டுச்சென்ற படிவுகளே இன்று சுண்ணாம்புக் கல்லாகவும் களிக்கல்லாகவும் கிடக்கின்றன. அச்சுண்ணாம்புக் கல்லை அரைத்துத்தான் சிமெண்டு ஆக்குகிறார்கள். ஆகவே, ஒரகடத்துத் தொழிற்கூடத்தின் தூணிலும் சுவரிலும் பழங்கடலின் சிப்பியும் நத்தையும் பொடியாகிக் கலந்திருக்கின்றன என்று சொன்னால் அது கற்பனை ஆகாது.

நம் காலடி நிலத்துக்கும் அத்தகைய வரலாறு உண்டு. திருப்பெரும்புதூர்ப் படுகை என்றே நிலவியல் நூல்களில் ஒரு பாறைத் தொகுதிக்குப் பெயர். அதனை ஆராய்ந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்திலே பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்நாட்டு மனிதனின் தொன்மையை உலகுக்கு உணர்த்திய அதே அறிஞர். அப்படுகையின் களிக்கல் ஏடுகளில் அழுந்திக் கிடந்த இலைகளை 1879ஆம் ஆண்டு ஓட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் விரித்துரைத்தார். இலைகளோடு கடலுயிர்களின் எச்சங்களும் அதே படுகையிற் கிடைத்துள்ளன. நிலமும் கடலும் கைகோத்துக் கிடந்த கரை அது. இன்று அந்த ஏடுகளின்மேல் நாம் கட்டடம் எழுப்புகிறோம். எழுப்பட்டும், தொழில் பெருகட்டும். ஆனால் கடைக்கால் தோண்டும்போது வெளிப்படும் ஏட்டை ஒருமுறையேனும் படித்துவிட்டு மூடலாகாதா என்பதே நம் ஏக்கம்.

கடல்நத்தைகட்குப் பெயர் கிடைத்த வரலாற்றுக்கு வருவோம்.

1840ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்னும் இரு வெள்ளையர், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாய்ப் போன சிப்பிகளையும் நத்தைகளையும் திரட்டினர். இலண்டனுக்கு அனுப்பினர். அங்கே அவற்றை ஆராய்ந்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் இளம் அறிஞர். 1846ஆம் ஆண்டு, இலண்டன் நிலவியல் கழகத்தின் வெளியீட்டில் அவருடைய அறிக்கை வந்தது. அதிலே ஒரு பழஞ்சோழி. ஆம், சோழி! சோழியும் கடல்நத்தைதான். திரட்டித் தந்தவரின் நினைவாக அதற்குச் ‘சிப்ரேயா கேயி’ என்று பெயரிட்டார் ஃபோர்ப்ஸ். மற்றொரு சோழி ‘கன்லிஃபி’ ஆயிற்று. திருகாணி போன்ற நத்தையொன்று ‘டரிடெல்லா பாண்டிச்சேரியென்சிஸ்’ என நம் புதுச்சேரியின் பெயரைச் சுமந்துகொண்டது.

பெயர் இருசொல்லாய் இருப்பானேன்? 1758ஆம் ஆண்டு வெளியான தம் நூற்பதிப்பில் விலங்குலகம் முழுமைக்கும் லின்னேயஸ் வகுத்த முறை அது. முதற்சொல் பேரினம், இரண்டாம் சொல் இனம். ‘சோழி’ என்றும் ‘கவடி’ என்றும் ‘பலகறை’ என்றும் நாம் பலவாறு சொல்லலாம். ஆனால் இருசொற் பெயர் ஒன்றைச் சொன்னால் சப்பானியனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் தமிழனுக்கும் ஒரே உயிர்தான் நினைவுக்கு வரும்.

பெயர் வைப்பது எளிது. எந்த உயிருக்கு எந்தப் பெயர் என உறுதி செய்வதன்றோ அரிது! தொழிற்சாலையிலே பணிபுரியும் தோழர்கள் இதை நம்மினும் நன்கறிவர். ஓர் உதிரிப்பாகம் சரியா, தவறா என்பதை யார் சொல்வது? மேற்பார்வையாளர் சொல்லலாம், மேலாளர் சொல்லலாம், ஐயம் வந்தால் அனைவரும் போய் நிற்பது ‘மாஸ்டர்’ என்று காத்து வைக்கப்பட்டிருக்கும் மூலத் துண்டின் முன்னால். உயிரினத்துக்கும் அத்தகைய மூலமாதிரி உண்டு. பெயரிட்ட அறிஞர் எந்தப் படிவத்தைப் பார்த்துப் பெயரிட்டாரோ, அந்தப் படிவம் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. நூறாண்டு கழித்து ஒருவர் ஐயுற்றால், பேழையைத் திறந்து ஒப்பிடலாம். ‘பெரியவர் சொன்னார்’ என்பது சான்றாகாது. பெரியவர் பார்த்ததை நாமும் பார்க்கலாம் என்பதே சான்று.

எதைப் பார்ப்பது? கல்லை உச்சி மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் பிடிக்கவேண்டும். சுருள்கள் எத்தனை, உச்சி கூரியதா மழுங்கியதா, சுருளும் சுருளும் கூடும் கோடு பள்ளமா மேடா, புறத்தே வரியா முடிச்சா, வாய் வட்டமா பிளவா, வாயின் உதட்டிலே பல் உண்டா, நடுத்தூணில் மடிப்பு உண்டா என ஒவ்வொன்றாய்க் குறிக்கவேண்டும். சோழிக்கு இந்தத் தேர்வு கடினமானது. வளர்ந்த சோழியில் கடைசிச் சுருள் மற்றெல்லாச் சுருளையும் போர்த்து மறைத்துவிடும். வாய் ஒடுங்கிய பிளவாகும், இருபுறமும் பற்கள். ஆனால் இளஞ்சோழிக்குப் பற்களும் இரா, தடித்த உதடும் இராது. உச்சி வெளியே தெரியும். தாயையும் சேயையும் வெவ்வேறு இனமெனப் பிரித்துவிடும் பிழை நேர இது ஒன்றே போதும். இக்காலச் சோழிகளைப் பிரிக்க உதவும் நிறமும் புள்ளியும் பழம்படிவத்தில் பெரும்பாலும் அழிந்திருக்கும். ஓடே கரைந்து, உள்ளே புகுந்த சேற்றின் வார்ப்பு மட்டும் எஞ்சியிருந்தால் இன்னும் இடர். அத்தகைய வார்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இனப்பெயரை அடித்துச் சொல்பவர், சோழி உருட்டுபவரின் உடன்பிறப்பே ஆவார்!

சுருளும் திசையிலும் ஒரு செய்தி. உச்சியை மேலே வைத்துப் பார்த்தால் பெரும்பான்மை நத்தைகட்கு வாய் வலப்புறம் இருக்கும். நாம் சாதாரணமாய்க் காணும் சங்கும் அப்படியே. அரிதினும் அரிதாய் வாய் இடப்புறம் அமைந்த சங்கையே ‘வலம்புரி’ எனப் போற்றிச் செல்வம் தருமென விற்கிறார்கள். அதிலே செல்வம் இருக்கிறது என்பது உண்மை, விற்பவருக்கு! குளத்து நத்தை ஒன்றில் இந்தத் திசை தாயின் மரபணுவால் அமைகிறது என்பது நெடுநாள் முன்பே தெரியும். 2019ஆம் ஆண்டு சப்பானிய ஆய்வாளர்கள் அந்த மரபணுவைத் திருத்தி, வலப்புறம் சுருளவேண்டிய குஞ்சுகளை இடப்புறம் சுருளச் செய்தே காட்டினர். தெய்வக்குறி அன்று, பிறப்பின் ஒரு திருப்பம்.

புறத்தோற்றம் ஏமாற்றும் என்பதற்கும் சான்று உண்டு. நேப்பாளத்துக் கண்டகி ஆற்றிற் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லின் சுருளைக் காண்பவர் நத்தை என்றே எண்ணுவர். உடைத்துப் பார்த்தால் உள்ளே அறை அறையாய்த் தடுப்புச் சுவர்கள்! நத்தை ஓட்டில் இப்படி அடுக்கறை கட்டிய அமைப்பு இராது. அது அம்மோனைட் எனப்படும் அற்றுப்போன உயிர். நத்தைக்கு உறவென்றாலும், கணவாய்க்கு நெருங்கிய உறவு. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, ‘டைனோசர் முட்டை’ என்று ஊரெங்கும் செய்தி பறந்தது. அறிந்தோர் சென்று பார்த்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டைச் சூழ்ந்து இறுகிய கடற்படிவுகளே என விளக்கினர். வதந்திக்கு இறக்கை உண்டு, ஆராய்ச்சிக்குக் கால்கள்தாம். ஆயினும் போய்ச் சேருவது கால்களே!

ஃபோர்ப்சுக்குப் பின் வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்தவர். 1857 முதல் 1860 வரை திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காட்டுப் பகுதிகளை அளந்து, அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாய்ப் பிரித்தார். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்னும் எளிய நெறியால், எந்த நத்தை எந்தக் காலத்தது எனச் சொல்ல வழி பிறந்தது. இவரே பின்னர், 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரும் ஆனார்.

அவர் கொணர்ந்த படிவக் குவியலை ஆராயும் பணி ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்காவின் கைக்கு வந்தது. மொரேவியாவில் 1838இல் பிறந்தவர்; இருபத்து நான்கு வயதில் கல்கத்தா வந்தவர். 1867, 1868ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியக் கிரெட்டேசியக் கடல்நத்தைகளைப் பற்றி அவர் எழுதிய நூல், ஏறத்தாழ 500 பக்கமும் 28 படத்தட்டுகளும் கொண்டது. பெயரை மட்டும் அடுக்கியதன்று அந்நூல். அவர் கடலில் இன்று வாழும் நத்தைக் குடும்பங்களையும் உடன்வைத்து ஒப்பிட்டு, முன்னோர் வைத்த இடம் பொருந்தாவிடில் இடம் மாற்றினார். ஃபோர்ப்ஸ் பெயரிட்டவற்றையும் மீண்டும் ஆராய்ந்தார். 1874ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்புகையில், காரகோரம் கணவாயைக் கடந்து வந்து லடாக்கின் பனிமலையில் மாண்டார். வயது முப்பத்தாறு! லே நகரில் அவர் கல்லறை இருக்கிறது. எங்கோ பிறந்து, நம் மண்ணின் நத்தைகட்காகக் கண் துஞ்சாது உழைத்தவர். அவருக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இவர்கள் பிழையே செய்யாதவர்களோ? செய்தனர். ஃபோர்ப்ஸ் புதுச்சேரிப் படிவுகளைக் கிரெட்டேசியத்தின் முற்பகுதியைச் சார்ந்தவை எனக் கணித்தார். பாரிசிலே புதுச்சேரிப் படிவங்களை ஆராய்ந்த அல்சிட் டோர்பின்யி, பிற்பகுதிக்கு உரியவை என்றார். பின்னாளில் பிரான்சு கோசுமாட் முதலியோர் செய்த ஆய்வு டோர்பின்யியின் பக்கமே நின்றது. ஆழ்கடலில் ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே உயிரே இராது என்றும் ஃபோர்ப்ஸ் கருதினார்; 1872இல் புறப்பட்ட சேலஞ்சர் கப்பல் அதற்கும் மிக ஆழத்திலிருந்து உயிர்களை அள்ளிவந்து காட்டியது. ‘சிப்ரேயா’ என்னும் பேரினமும் அன்றிருந்தபடி இல்லை. லின்னேயஸ் அதிலே வைத்த பணச்சோழி இன்று ‘மொனிட்டேரியா’ என்னும் வேறு பேரினத்தில் இருக்கிறது. கிரெட்டேசியச் சோழிகளுக்கும் அற்றுப்போன பேரினங்கள் தனியே வகுக்கப்பட்டுள்ளன.

‘அப்படியானால் அறிவியலும் மாறுகிறதே, அதை எப்படி நம்புவது?’ என்று கேட்பார் உளர். தோழர்களே, மாறுவதால்தான் நம்புகிறோம்! ஃபோர்ப்சின் பிழையைக் கண்டவன் நாடு கடத்தப்படவில்லை. நூலிலே இடம் பெற்றான். சோழி உருட்டுபவர் சொன்னது பொய்த்தால், பழி சோழிக்கும் இல்லை, அவருக்கும் இல்லை, கேட்டவரின் தலையெழுத்துக்கு! தவறு என்று ஒப்புக்கொள்ள வழியே இல்லாத ஒன்று, சரி என்று எப்படி ஆக முடியும்?

சோழி மனிதனை ஏமாற்றியது ஏட்டுத் துணியின்மேல் மட்டுமன்று. மாலத்தீவிலே அள்ளிய பணச்சோழிகள் வங்கத்தில் நாணயமாயின. ஐரோப்பிய வணிகர் அவற்றைக் கப்பல் கப்பலாய் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், மனிதர்களை விலைக்கு வாங்கினர். சிறு நத்தையின் ஓட்டுக்கு மனிதன் ஏற்றிவைத்த மதிப்பு, மனிதனையே விற்றது! நத்தை குற்றமற்றது. மதிப்பை ஏற்றியவன் மனிதன், இறக்கவேண்டியவனும் மனிதனே.

இன்னொரு கணக்கும் கேட்கவேண்டும். கேயின் பெயர் சோழியில் நிலைத்தது. கன்லிஃபின் பெயர் நிலைத்தது. அந்த வெயிலிலே கல்லுடைத்த கைகளின் பெயர் எந்தச் சோழியில் இருக்கிறது? ஃபோர்ப்ஸ் கண்ட மாதிரிகள் இலண்டனில். ஸ்டொலிச்கா கண்டவை கொல்கத்தாவில். அரியலூர்ப் பிள்ளை தன் ஊர் நத்தையின் மூலமாதிரியைக் காண எத்தனை கல் தொலைவு போகவேண்டும்! ஆனால் வெறுமனே ஏங்கி நிற்கவும் வேண்டியதில்லை. தஞ்சைத் தரணியின் மைந்தர் எம். எஸ். கிருஷ்ணன், 1940இல் சாத்தனூரிலே 18 மீட்டர் நீளக் கல்மரத்தை உலகறியச் செய்தார். 1951இல் அதே நிலவியல் ஆய்வுத்துறைக்குத் தலைவராய் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. வாரணவாசியில் இன்று புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, நுழையப் பிள்ளைகள் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் அத்தந்தையிடம் சொன்னோம். மகள் எழுதிய குறிப்பேட்டையும் காட்டினோம். வகுப்பிலே அளவுகோல் வைத்து அந்தக் கல்லை அளந்து, எட்டுச் சுருள், உச்சி உடைந்தது, வாய் சிதைந்தது, புறத்தே சுற்றுவரிகள் என வரிசையாய் எழுதியிருந்தாள். முடிவில் ஒரு வரி: “டரிடெல்லா போல் இருக்கிறது. வாய் இல்லாததால் இனம் சொல்ல முடியாது. மூலமாதிரியோடு ஒப்பிடவேண்டும்.”

அவர் அந்த வரியை இருமுறை படித்தார். “தெரியாதுன்னு எழுதினா மார்க் குறைக்க மாட்டீங்களா சார்?” என்றார்.

“இந்தப் பாடத்தில் அதற்குத்தான் முழு மதிப்பெண்” என்றோம்.

நெடுநேரம் பேசாதிருந்தார். கல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். பிறகு, “அவரு ஒரு தடவைகூடத் தெரியாதுன்னு சொன்னதில்ல சார்” என்றார். யாரைச் சொன்னார் என்பது நமக்குப் புரிந்தது. “ஒரு வாரம் டைம் குடுங்க. வீட்டில பேசணும்” என்று எழுந்தார்.

அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. பதினோராம் வகுப்பு அறிவியற் பிரிவில் ஓரிடம் அவளுக்காகக் காத்திருக்கிறது. இத்தகைய பெண் உங்கள் தெருவிலும் இருப்பாள்; இத்தகைய சோழியும் இருக்கும். அவள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தந்தையைத் திட்டாதீர்கள், அவர் கையிலே ஒரு கல்லைக் கொடுங்கள். பல கோடி ஆண்டுகள் பொய் சொல்லாதிருந்த கல் அது. மிச்சத்தை அதுவே பேசிக்கொள்ளும்.